பூனை பழிவாங்குகிறதா? வீட்டுப் பூனையின் தொல்லைகளும் அவற்றின் காரணங்களும்

ஐந்து ஆண்டுகளாக மணல் தட்டைத் தவிர வேறெங்கும் சிறுநீர் கழிக்காத பூனை ஒரு நாள் படுக்கை விரிப்பை நனைத்துவிடுகிறது. மடியில் கண்ணயர்ந்திருந்த பூனை சட்டென்று திரும்பிக் கையைக் கடிக்கிறது. விடியற்காலை நான்கு மணிக்குப் படுக்கையறைக் கதவைப் பிறாண்டிக்கொண்டு கத்துகிறது. இவற்றுக்கெல்லாம் வீடுகளில் வழக்கமாகச் சொல்லப்படும் விளக்கம் ஒன்றுதான்: "நாம் ஊருக்குப் போய்விட்டோம் அல்லவா, அந்தக் கோபத்தைக் காட்டுகிறது." இந்த விளக்கம் தவறானது, சில நேரங்களில் ஆபத்தானதும்கூட. பூனைக்குக் கோபம் என்று முடிவு கட்டியவர், அது தணியட்டும் என்று இரண்டு நாள் விட்டுப்பிடிப்பார். சிறுநீர்த் தாரை அடைபட்டுத் தவிக்கும் கடுவன் பூனை அந்த இரண்டு நாளுக்குள் இறந்துபோகலாம்.

ஆகவே, பூனையின் நடத்தை மாறும்போது எந்த வரிசையில் காரணம் தேட வேண்டும் என்பதே இங்கு முதன்மையான கேள்வி. உடல், இடம், பழக்கம் என்ற வரிசையில் தேடினால் பெரும்பாலான தொல்லைகளுக்கு விடை கிடைக்கும். இந்த வரிசை ஏன் பொருந்துகிறது என்பதை அறிய, வீட்டில் வளர்வது எந்த விலங்கின் வழித்தோன்றல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

தனித்து வேட்டையாடும் விலங்கு

இன்றைய வீட்டுப் பூனைகள் அனைத்தும் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை என்னும் இனத்திலிருந்து, மேற்கு ஆசியப் பகுதியில் தோன்றியவை என்று 2007இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. சைப்ரஸ் தீவில் மனிதர் ஒருவரின் அருகே புதைக்கப்பட்டிருந்த, ஏறத்தாழ 9,500 ஆண்டுகள் பழமையான பூனையின் எலும்புக்கூடு பற்றிய செய்தி 2004இல் வெளிவந்தது. மனிதன் தானியத்தைச் சேமித்தான். தானியத்துக்கு எலி வந்தது. எலிக்குப் பூனை வந்தது. நாயைக் காவலுக்கும் வேட்டைக்கும் மேய்ச்சலுக்கும் என்று தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததுபோல் பூனையை யாரும் வளர்க்கவில்லை. அதனால் அதன் உள்ளியல்பு பெரிதும் மாறவில்லை. இதிலிருந்து மூன்று விளைவுகள் பிறக்கின்றன.

1. பூனை தன்னைவிட மிகச் சிறிய இரையைத் தனியாகப் பிடித்துத் தின்னும் விலங்கு. ஓர் எலி ஒரு வேளைப் பசிக்குக் காணாது. எனவே இயல்பான நிலையில் அது ஒரு நாளில் பத்து முதல் இருபது முறை சிறிது சிறிதாக உண்ணும். இரை நடமாடும் விடியலிலும் அந்தியிலும் அதன் சுறுசுறுப்பு கூடும்.

2. தனித்து வாழும் விலங்குக்கு அதன் எல்லையே பாதுகாப்பு. அந்த எல்லையைப் பூனை கண்ணால் அறிவதைவிட மூக்கால் அறிகிறது. கன்னம், பாதம், விலாப்புறம் ஆகிய இடங்களில் உள்ள மணச் சுரப்பிகளைக் கதவிலும் நாற்காலியிலும் நம் காலிலும் தேய்த்து, தனக்கு மட்டும் புரியும் ஒரு வரைபடத்தை வீடெங்கும் எழுதி வைக்கிறது. சாக்கில் கட்டி அடுத்த ஊரில் விட்ட பூனை சில நாளில் திரும்பி வாசலில் நின்ற கதை ஏறக்குறைய எல்லாத் தெருவிலும் உண்டு. எல்லைப் பற்றின் வலிமை அது.

3. பூனை வேட்டையாடி மட்டுமன்று. பெரிய விலங்குகளுக்கு அதுவும் இரை. உதவிக்குக் கூட்டம் இல்லாத விலங்கு தன் வலியை வெளியே காட்டினால் உயிருக்கு ஆபத்து. ஆதலால் நோயுற்ற பூனை முனகுவதில்லை. அதன் பழக்கம் மாறுகிறது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

முதலில் உடல்

மூன்றாவது விளைவே, நடத்தை மாற்றத்தை முதலில் கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டிய காரணம். திடீரென்று தட்டைத் தவிர்க்கும் பூனைகளில் அடிக்கடி காணப்படுவது, காரணம் புலப்படாத சிறுநீர்ப்பை அழற்சி. கிருமி இல்லை, கல் இல்லை. ஆனாலும் சிறுநீர்ப்பை புண்ணாகி வலிக்கிறது. சிறுநீர்க் கோளாறுடன் வரும் இளம், நடுவயதுப் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு இதுவே சிக்கலாக இருக்கிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டனும் அவருடைய குழுவினரும் இந்த நோயைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, மன அழுத்தத்துக்கும் இதற்கும் உள்ள தொடர்பை எடுத்துக்காட்டினார்கள். 2006இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், நோயுற்ற 46 பூனைகளின் வீட்டுச் சூழலைத் திருத்தியமைத்தபோது, சிறுநீர்த் தொல்லையோடு அச்சமும் பதற்றமும்கூடக் குறைந்தன. ஊருக்குப் போய் வந்த வீட்டில் பூனை படுக்கையை நனைப்பதன் பின்னணி இங்கே தெளிவாகிறது. வழக்கம் குலைந்ததால் அழுத்தம், அழுத்தத்தால் அழற்சி, அழற்சியால் அவசரம். இதில் வன்மத்துக்கு இடமே இல்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. வலியோடு சிறுநீர் கழித்த பூனை அந்த வலியைத் தட்டோடு முடிச்சுப் போட்டுக்கொள்கிறது. நோய் ஆறிய பிறகும் தட்டை அஞ்சி, மென்மையான படுக்கையைத் தேடுவது இதனால்தான்.

கடுவன் பூனையின் சிறுநீர்த் தாரை மிகக் குறுகலானது. சளியோ படிகமோ சேர்ந்தால் முழுவதும் அடைபட்டுவிடும். பலமுறை குந்திச் சொட்டுச் சொட்டாகப் போவது அல்லது எதுவுமே வராமல் போவது, குந்தும்போது கத்துவது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குவது, சிறுநீரில் இரத்தம் தெரிவது ஆகியவை அடையாளங்கள். வாந்தியும் சோர்வும் சேர்ந்துவிட்டால், வெளியேறாத கழிவுகளோடு பொட்டாசியமும் இரத்தத்தில் ஏறி இதயத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று பொருள். இரவு என்றாலும் ஞாயிறு என்றாலும் அப்போதே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

முதிய பூனைகளில் மூட்டுத் தேய்வு நாம் நினைப்பதைவிட மிகப் பரவலானது. 100 பூனைகளின் ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்த 2002ஆம் ஆண்டு ஆய்வொன்றில், பன்னிரண்டு வயதைக் கடந்தவற்றுள் 90 விழுக்காட்டுக்கு மூட்டுச் சிதைவின் அடையாளம் இருந்தது. உயரமான விளிம்புள்ள தட்டுக்குள் ஏற முடியாத கிழப்பூனையும், இடுப்பைத் தொட்டால் சீறும் பூனையும் இந்தக் கணக்கில் வரக்கூடும். தைராய்டு மிகைச் சுரப்பு, உயர் இரத்த அழுத்தம், வயது சார்ந்த அறிவுத் தளர்ச்சி ஆகியவை இரவில் அடித்தொண்டையில் அலற வைக்கும். வலி இருப்பதாகத் தோன்றினாலும் வீட்டில் உள்ள பாராசிட்டமால் மாத்திரையைக் கொடுத்துவிடக் கூடாது. அதைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ஒரே மாத்திரையும் கொல்லும்.

தட்டுக்கு வெளியே கழிப்பது

உடலில் குறை இல்லை என்று மருத்துவர் சொன்ன பிறகே அடுத்த கட்டம். இங்கே இரண்டு வேறு செயல்களைப் பிரித்தறிய வேண்டும். தரை அல்லது துணி மேல் குந்தி, நிறையக் கழித்தால் அது கழிப்பிடச் சிக்கல். நின்றபடி வாலை உயர்த்தி நடுங்கவிட்டு, சுவரிலோ திரையிலோ கொஞ்சமாகப் பீய்ச்சினால் அது எல்லைக் குறி. முன்னதற்குத் தட்டைத் திருத்த வேண்டும். பின்னதற்குத் தட்டை எத்தனை மாற்றினாலும் பயன் இராது.

எல்லைக் குறிக்கு முதல் மருந்து கருத்தடை. கருத்தடை செய்யப்பட்ட ஆண் பூனைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றும், பெண் பூனைகளில் இருபதில் ஒன்றும் மட்டுமே பிறகும் பீய்ச்சுகின்றன. அப்படித் தொடர்ந்தால் பெரும்பாலும் சன்னலுக்கு வெளியே தெருப்பூனை ஒன்று வந்து போய்க்கொண்டிருக்கும், அல்லது வீட்டுக்குள் இருக்கும் இரண்டு பூனைகளுக்கு இடையே ஓசையில்லாத பகை இருக்கும். பூனைப் பகை எப்போதும் சண்டையாக வெளிப்படுவதில்லை. நடைவழியின் நடுவில் ஒன்று படுத்துக்கொண்டு வெறித்துப் பார்ப்பதும், மற்றொன்று அந்தப் பக்கமே போகாமல் பட்டினி கிடப்பதும்கூடப் பகைதான்.

கழிப்பிடச் சிக்கலில் கவனிக்க வேண்டியவை:

1. எண்ணிக்கை. பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒரு தட்டு கூடுதலாக வேண்டும். அவை வெவ்வேறு இடங்களில் இருக்க வேண்டும். மூன்று தட்டுகளை ஒரே மூலையில் அடுக்கினால் பூனையின் கணக்கில் அது ஒரே தட்டு.

2. அளவு. மூக்கு முதல் வால் அடி வரையுள்ள நீளத்தைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் வேண்டும். கடைகளில் கிடைக்கும் பல தட்டுகள் வளர்ந்த பூனைக்குச் சிறியவை. ஒரு பக்கம் தாழ வெட்டிய பெரிய பிளாஸ்டிக் தொட்டி அவற்றைவிட நன்றாகப் பயன்படும், விலையும் குறைவு.

3. மணல். பெரும்பாலான பூனைகள் மணமற்ற, மென்மையான, நனைந்தால் கட்டியாகும் பென்டோனைட் என்னும் களிமண் வகை மணலை விரும்புகின்றன. கட்டுமானத்துக்கு வாங்கிய எம்-சாண்ட் கூர்முனைகள் கொண்டது, பாதத்தை உறுத்தும். எலுமிச்சை மணம், ரோஜா மணம் என்று விற்பவை நம் மூக்குக்காகச் செய்யப்பட்டவை.

4. இடம். ஓடும்போது அதிரும் துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்திலும் உணவுக் கிண்ணத்தின் பக்கத்திலும் தட்டை வைக்கக் கூடாது. தப்பியோட ஒரே வழியுள்ள மூலையும் ஆகாது.

5. தூய்மை. நாள்தோறும் இருமுறை அள்ளுவது நல்லது.

நனைந்த இடத்தைச் சுத்தம் செய்வதில் நம் வீடுகளுக்கென்று ஒரு தவறு உண்டு. வாடை போக ஃபினைல் ஊற்றித் துடைப்போம். கறுப்பு ஃபினைலில் உள்ள ஃபீனால் வகைச் சேர்மங்களைப் பூனையின் உடல் எளிதில் வெளியேற்ற முடியாது; ஈரத் தரையில் நடந்த பாதத்தை அது நக்கும்போது நஞ்சு உள்ளே போகிறது. அம்மோனியா கலந்த திரவமோ சிறுநீர் வாடையையே ஒத்திருந்து, "இது கழிக்கும் இடம்" என்று மீண்டும் சொல்லிக்கொடுக்கிறது. நொதி கலந்த சலவைத்தூளை இளஞ்சூட்டு நீரில் கரைத்துக் கழுவி, பிறகு வெறும் நீரால் அலசி உலரவிடுவது போதுமானது.

கடியும் கீறலும்

"பூனை கடிக்கிறது" என்ற ஒரே சொல்லுக்குள் நான்கு வேறு நிகழ்வுகள் ஒளிந்திருக்கின்றன.

1. விளையாட்டுக் கடி. குட்டிகள் தங்களுக்குள் கட்டிப் புரளும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்று கற்கின்றன. ஏறத்தாழ 6,000 பூனைகளைப் பற்றி ஃபின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகம் 2017இல் வெளியிட்ட ஆய்வு, எட்டு வாரத்துக்கு முன் தாயைப் பிரிந்தவற்றிடம் மூர்க்கம் அதிகம் என்று கண்டது. ஐந்து வாரக் குட்டியை "கைக்குள் அடங்கும் வயது" என்று கேட்டு வாங்குபவர்கள் இந்தப் பாடத்தைப் பறித்துவிடுகிறார்கள். கைவிரலை ஆட்டி விளையாட்டுக் காட்டுவது அந்தக் குறையை மேலும் பெருக்கும். கோலில் கட்டிய இறகும் நூலுமே விளையாட்டுக்கு ஏற்றவை. கை எப்போதும் இரையாகக் கூடாது.

2. தடவும்போது கடிப்பது. பூனை எச்சரிக்காமல் கடிப்பதில்லை. வால்நுனி துடிக்கும், முதுகுத்தோல் சுருங்கி விரியும், காது பக்கவாட்டில் திரும்பும், இதமாக இருக்கும்போது எழுப்பும் 'கர்ர்' ஒலி நின்றுபோகும். இத்தனையையும் கண்டுகொள்ளாத கைக்குத்தான் கடி. கன்னத்திலும் தாடையடியிலும் சில நொடிகள் தடவி நிறுத்தி, பூனை மீண்டும் தலையை நீட்டுகிறதா என்று பார்ப்பது நல்ல முறை.

3. திசைமாறிய சினம். சன்னலுக்கு வெளியே வேற்றுப் பூனையைக் கண்டு கொதித்த பூனை, அருகில் வந்த வீட்டுக்காரரின் காலைக் குதறும். அந்தக் கொதிப்பு அடங்கச் சில மணி நேரமும் ஆகலாம். அதுவரை தூக்கக் கூடாது; விளக்கை அணைத்துத் தனியறையில் விட வேண்டும்.

4. அச்சக் கடி. தீபாவளி வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கடியில் ஒடுங்கிய பூனையை இழுத்து மடியில் வைத்து ஆறுதல் சொல்ல முயல்வது இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. ஒளிவதே அதன் ஆறுதல். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழக ஆய்வொன்றில் (2014), காப்பகத்துக்குப் புதிதாக வந்த பூனைகளுள் ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி கிடைத்தவற்றின் மன அழுத்தம் மற்றவற்றைவிட விரைவில் தணிந்தது. காசில்லாமல் கிடைக்கும் அட்டைப்பெட்டியை விஞ்சிய பூனைச் சாதனம் இன்னும் கடைக்கு வரவில்லை.

கடிபட்டவர் செய்ய வேண்டியதும் இங்கேயே சொல்லப்பட வேண்டும். பூனையின் கோரைப்பல் ஊசிபோல் ஆழமாக இறங்கும். மேலே சிறு புள்ளியாகத் தெரிவது உள்ளே சீழ்ப்பிடிக்கும். வெறிநோய் நாயால் மட்டும் பரவுவதில்லை, பூனையாலும் பரவும். காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளில் இதற்கான தடுப்பூசி இலவசமாகவே போடப்படுகிறது.

விடியற்காலைக் கூச்சல்

கருத்தடை செய்யாத பெட்டைப் பூனை பருவத்துக்கு வரும்போது இரவெல்லாம் கத்தும். இணை சேராவிட்டால் சில வாரங்களில் மீண்டும் கத்தும். பகற்பொழுது பெரிதும் குறையாத நம் நாட்டில் ஆண்டு முழுவதும் இது தொடரலாம். அறுவைச் சிகிச்சையைத் தவிர இதற்கு வேறு வழி தேட வேண்டியதில்லை.

கருத்தடை ஆன, நோயில்லாத பூனை நான்கு மணிக்கு எழுப்புகிறது என்றால், பெரும்பாலும் நாமே பழக்கியிருப்போம். ஒரு நாள் கத்தல் பொறுக்காமல் எழுந்து உணவு வைத்தோம். கத்தினால் உணவு வரும் என்று அது கற்றது. பிறகு ஆறு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்து ஏழாம் நாள் எழுந்தால், விடாமல் ஏழு நாள் கத்த வேண்டும் என்று கற்கிறது. எப்போதாவது கிடைக்கும் பரிசு, எப்போதும் கிடைக்கும் பரிசைவிடப் பழக்கத்தை இறுக்கமாகப் பிடித்துவைக்கும். நிறுத்த முடிவு செய்தால் வீட்டில் ஒருவர்கூட எழக்கூடாது. முதல் சில நாள்கள் கத்தல் கூடிவிட்டுத்தான் குறையும் என்பதை அடுத்த வீட்டாருக்கும் முன்கூட்டியே சொல்லிவைப்பது நலம்.

இதோடு, படுக்கப் போகுமுன் பத்து நிமிடம் இறகைத் துரத்தவிட்டு, கடைசியில் அதைப் பிடிக்கவும் விட்டு, உடனே அன்றைய கடைசி உணவைக் கொடுக்க வேண்டும். வேட்டை, உணவு, நக்கிச் சுத்தம் செய்தல், உறக்கம் என்பது பூனையின் இயல்பான ஒழுங்கு. லேசர் ஒளிப்புள்ளியைத் துரத்தவிடுவதில் இந்த ஒழுங்கு முழுமை அடைவதில்லை. பிடிக்க எதுவுமே இல்லை. இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழகம் 2021இல் வெளியிட்ட ஆய்வு, நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிட விளையாட்டு, பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் இரையை 25 விழுக்காடும், இறைச்சிப் புரதம் மிகுந்த உணவு 36 விழுக்காடும் குறைத்ததாகக் காட்டியது. பால்சோற்றிலும் தயிர்ச்சோற்றிலும் வளரும் பூனை ஏன் ஓயாமல் அலைகிறது என்பதற்கு இதில் ஒரு குறிப்பு இருக்கிறது. டாரின் என்னும் சத்தை அதன் உடல் போதிய அளவு ஆக்கிக்கொள்ளாது. இறைச்சியிலிருந்தோ முறையாகத் தயாரித்த பூனை உணவிலிருந்தோதான் அது கிடைக்கும். குறைந்தால் கண்ணும் இதயமும் கெடும்.

சோபாவைப் பிறாண்டுதல்

இதை நிறுத்த முடியாது. இடம் மாற்ற முடியும். நகத்தின் பழைய உறையைக் கழற்றவும், உடலை முழுக்க நீட்டவும், பாதத்து மணத்தைப் பதிக்கவும் பூனை பிறாண்டுகிறது. ஏறத்தாழ மூன்று அடி உயரமுள்ள, ஆடாத கட்டையில் தேங்காய்நார்க் கயிற்றையோ சணல் சாக்கையோ இறுகச் சுற்றி, பிறாண்டும் சோபாவுக்குப் பக்கத்திலேயே நிறுத்த வேண்டும். பால்கனி மூலையில் ஒதுக்கி வைத்தால் பூனை அதைச் சீண்டாது. மேலைநாடுகளில் கட்டையின்பால் ஈர்க்கப் பூனைப்புதினா தூவுவார்கள். நம் ஊர்க் குப்பைமேனிக்குப் பூனைவணங்கி என்றும் பெயர் உண்டு. அதன் வேரின் மணத்துக்குப் பல பூனைகள் மயங்கிப் புரளும். மணத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தின்னக் கொடுக்க வேண்டாம். நகத்தையே அறுத்தெடுக்கும் அறுவைச் சிகிச்சை, விரலின் கடைசி எலும்பை வெட்டுவதாகும். பிரிட்டனில் இது தடை செய்யப்பட்டுள்ளது. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலம் 2019இல் தடை விதித்தது.

அடியும் அதட்டலும் ஏன் உதவுவதில்லை

கூட்டமாக வாழும் விலங்குக்குத் தலைமையின் சினம் ஒரு செய்தி. தனித்து வாழும் விலங்குக்கு அது தாக்குதல். மூக்கைச் சிறுநீரில் தேய்க்கப்பட்ட பூனை, "இங்கே கழிக்கக் கூடாது" என்று கற்பதில்லை. "இந்த மனிதர் பார்க்கும்போது கழிக்கக் கூடாது" என்றே கற்கிறது. அடுத்த முறை அலமாரிக்குப் பின்னால் போகும். செயலுக்கும் விளைவுக்கும் இடையே சில நொடிகள் கடந்துவிட்டாலே அதன் மனம் இரண்டையும் இணைக்காது. மேலும், அழுத்தமே சிறுநீர்ப்பை அழற்சியைக் கிளறும் என்று மேலே கண்டோம். அடி அந்த அழுத்தத்தைக் கூட்டுகிறது. பூனையோடு பகை முற்றிவிட்ட வீடுகளில், எதிரே சற்றுத் தள்ளி உட்கார்ந்து கண்களை மெல்ல மூடித் திறப்பது எளிய தொடக்கம். அப்படிச் செய்பவரை நோக்கிப் பூனைகளும் கண் சிமிட்டுகின்றன, அருகிலும் வருகின்றன என்று பிரிட்டனின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2020இல் காட்டியது.

எல்லாம் செய்தும் முடியாதபோது

மருத்துவரின் மேற்பார்வையில் கொடுக்கப்படும் பதற்றத் தணிப்பு மருந்துகள் உள்ளன; ஃப்ளூவாக்ஸெட்டின் அவற்றுள் ஒன்று. சூழலைத் திருத்தாமல் மருந்தை மட்டும் கொடுத்தால், மருந்தை நிறுத்தியதும் தொல்லை திரும்பும்.

அதற்கும் கட்டுப்படாவிட்டால் சிலர் மீன் சந்தையோரம் இறக்கி விட்டுவிடுகிறார்கள். "அங்கே அதற்குத் தீனி இருக்கும்" என்பது நியாயமாக ஒலிக்கும். ஆனால் அந்தச் சந்தை ஏற்கெனவே வேறு பூனைகளின் எல்லை. விடப்பட்ட பூனை தன் மணம் எங்குமே இல்லாத இடத்தில் நிற்கிறது. பசி தாகத்துக்கு ஆளாகும் நிலையில் விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றமும் ஆகும். தெரிந்தவர் ஒருவருக்குக் கொடுப்பதானால் மூன்று செய்திகளை மறைக்காமல் சொல்ல வேண்டும்: என்ன தொல்லை, எப்போது தொடங்கியது, இதுவரை என்ன செய்து பார்த்தோம். புதிய வீட்டில் முதல் சில நாள்கள் அதை ஒரே அறையில் வைக்கச் சொல்ல வேண்டும். பழகிய மணலில் ஒரு கைப்பிடியையும், அது படுத்திருந்த பழைய துணியைத் துவைக்காமல் அப்படியேயும் கூடையில் வைத்து அனுப்ப வேண்டும்.